‘அந்த நாள்’ ராஜனைப் பற்றி ஒரு ரேடியோ மெக்கானிக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ‘அந்த நாள்’ படத்துக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம், நடனமும் சண்டையும் கிடையாது, 1954, ஏவி.எம்., சிவாஜி கணேசன், இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். எல்லாம் சரிதான். ஆனால் எழுபது வருஷமாக எல்லாரும் இந்த நான்கு வரியைத்தான் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். ஒரு மனுஷனைப் பற்றிக் கேட்டால், அவருக்குக் குடுமி இல்லை, மீசை இல்லை, கடுக்கன் இல்லை என்று இல்லாததையே அடுக்கிக்கொண்டு போனால், ஆள் யாரென்று எப்படித் தெரியும்? அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் வேறு எதை வெட்டினாலும், நடுவில் வருகிற பார்சல் விஷயத்தை வெட்டிவிடாதீர்கள்.

நான் நாகப்பட்டினத்தில் 42 வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இப்போது வயது 76. படிப்பு எட்டாவதோடு சரி. பதினாலு வயதில் ஒரு கடையில் தொழில் கற்க உட்கார்ந்தேன். முதல் ஒரு வருஷம் செட்டைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டுவதும், வால்வுகளைத் துணியால் துடைத்து வரிசையாக வைப்பதும்தான் வேலை. சால்டரிங் அயர்னைத் தொட விடமாட்டார் என் ஆசான்.

அவர்தான் 1965இல் என்னை டூரிங் டாக்கீஸுக்கு அழைத்துப் போய் ‘அந்த நாள்’ காட்டினார். பழைய பிரதி, மழை பெய்வதுபோல் கோடு கோடாக ஓடியது. மணல் குவித்து உட்கார்ந்திருந்த கூட்டம் அரை மணி பொறுத்தது. அப்புறம் “எப்பய்யா பாட்டு போடுவே?” என்று ஒருவர் ஆரம்பித்தார், பின்னாலேயே விசில். 1954 ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள் படம் வெளியானபோதும் இதே கதைதான் என்று ஆசான் சொன்னார். பாட்டில்லை என்று ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஆசான் என் முழங்கையைப் பிடித்து, “கவனிச்சுப் பாருடா, இவன் நம்ம தொழில்காரன்” என்றார். ராஜனைத்தான் சொன்னார். சிவாஜி கணேசன் நடித்த ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினீயர். உங்கள் நான்கு வரியில் இது இல்லை. எனக்கு அந்தப் படமே இதில்தான் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம், கடிதம் எங்கேயும் போய்விடாது. 1943 அக்டோபர், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. படம் தொடங்கியதுமே ராஜன் சுடப்பட்டு விழுகிறான். கதாநாயகன் செத்த பிறகு ஆரம்பிக்கிற கதை. விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். அவராக நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் திரைக்கதையையும் எழுதியவர். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பிலிருந்த அம்புஜம் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமான்’ படத்தைப் பார்த்துத்தான் பாலசந்தர் இதைச் செய்தார் என்று சினிமா தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. ‘ராஷோமான்’ படத்தை நான் மருமகன் வீட்டில்தான் பார்த்தேன். பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இரண்டும் ஒரே சட்டியில் வெந்ததில்லை. அங்கே திருடன் நான்தான் கொன்றேன் என்கிறான், மனைவி தன் கையில் கத்தி இருந்தது என்கிறாள், செத்தவனே ஆவியாக வந்து நானே குத்திக்கொண்டேன் என்கிறான். பழியை ஆளாளுக்குத் தன் பக்கம் இழுக்கிறார்கள். நம் படத்தில் எல்லாரும் பழியை அடுத்தவர் தலையில் தள்ளுகிறார்கள். பாகப்பிரிவினைக்குப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த நம் ஊர்க் குடும்பங்களில் கேட்ட குரல்கள் அவை. எங்கிருந்து எடுத்திருந்தாலும் பாலசந்தர் அதைத் திருவல்லிக்கேணி வீடாக ஆக்கிவிட்டார்.

இனி ராஜனுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை அவனைத் ‘தேசத் துரோகி’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அவன் ஜப்பானுக்கு நம் ரகசியங்களை விற்கிறான், உண்மை. ஏன் விற்கிறான் என்பதில்தான் படம் இருக்கிறது. படித்தவன், மூளைக்காரன். அவன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை, ஆதரவு கொடுக்க ஆளில்லை. அந்தக் காயம் உள்ளேயே புரையோடுகிறது. தன்னை மதிக்காத நாட்டின் மேல் வஞ்சம் வைத்து, மதிக்கிறேன் என்று சொன்னவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். பழிவாங்கும் படம் என்றால் அப்பனைக் கொன்றவனைத் தேடிப் பிடித்து மகன் கொல்வது என்றுதான் நமக்குப் பழக்கம். அங்கே எதிரிக்கு ஒரு முகம் இருக்கும். ராஜனுக்கு எதிரி யார்? எந்த மேசையில் அவன் காகிதம் தூங்கியதோ அந்த மேசைக்காரனை அவன் ஒன்றும் செய்யப்போவதில்லை. குண்டு விழுந்தால் விழுவது அவன் மனைவியும் தம்பியும் தூங்குகிற ஊரின் மேல்.

அந்தக் காலத்துச் சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னையே காலியானது. அரசு அலுவலகங்கள் கடலிலிருந்து தள்ளியிருந்த ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். என் ஆசானின் அக்கா குடும்பம் அப்போது தங்கசாலைத் தெருவிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மிக்குழவியுமாக ரயிலேறி நாகப்பட்டினம் வந்து இறங்கியதாம். அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் தூக்கி வந்தாள் என்று ஆசான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பயம் அப்படிப்பட்டது. ரேடியோவின் மேலும் அதே பயம் இருந்தது. போர் ஆரம்பித்த 1939லேயே அமெச்சூர் ஒலிபரப்பு உரிமங்களை வெள்ளைக்காரன் ரத்து செய்துவிட்டான். ஒரு சுருள் கம்பியும் இரண்டு வால்வும் சேர்ந்தால் சேதி கடல் தாண்டும் என்று அவனுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட நேரத்தில் கதையின் நடுவில் ஒரு ரேடியோ இன்ஜினீயரைக் கொண்டுவந்து வைத்தது சும்மா இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது படத்தில் வருவதல்ல, நான் வெளியிலிருந்து எடுத்து வைக்கிறேன். 1943 செப்டம்பர் 10, அதாவது சென்னையில் அந்தக் குண்டு விழுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதரைத் தூக்கிலிட்டார்கள். திருவிதாங்கூர்க்காரர், விடுதலைப் போராட்ட வீரர், 26 வயது. பினாங்கில் பயிற்சி எடுத்து, ஜப்பானியரின் நீர்மூழ்கிக் கப்பலில் 1942இல் மலபார் கரைக்கு வந்து இறங்கியவர். வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்தில் காதர் செய்ததும் ராஜன் செய்ததும் ஒரே குற்றம்தான், ஒரே கயிறுதான். ஆனால் காதர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கை தானாகக் கூப்புகிறது. அவர் நாட்டுக்காகத் தன்னைக் கொடுத்தார். ராஜன் தனக்காக நாட்டைக் கொடுத்தான். ‘ஜப்பானுக்கு உதவியவன், ஆகவே துரோகி’ என்று எழுதினால் இந்த வித்தியாசம் அடிபட்டுப் போகிறது. அதனால்தான் அந்த ஒற்றை வார்த்தை என்னை உறுத்தியது.

இப்போது பார்சல் விஷயம்.

1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டது இங்கே எல்லாருக்கும் தெரியும். புயல் முடிந்து என் கடைக்கு வந்த மீனவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: “ரேடியோ இருந்தா முன்னாலேயே தெரிஞ்சிருக்கும்ணே.” செட்டு வாங்க அவர்களிடம் பணமில்லை. வாங்கினாலும் உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்ச் பச்சை பிடித்துவிடும். நான் யோசித்தேன். அவர்களுக்குச் சிலோனும் வேண்டாம், விவித் பாரதியும் வேண்டாம். திருச்சி நிலையம் ஒன்று வந்தால் போதும், வானிலை எச்சரிக்கை அதில் வந்துவிடும்.

ஸ்டேஷன் மாற்றும் முள்ளே இல்லாத ரேடியோ ஒன்று செய்தேன். அலைவரிசையைச் சரிசெய்கிற சின்னத் திருகான டிரிம்மரைத் திருச்சி நிலையத்துக்குச் சரியாக வைத்து, அதன் மேல் மெழுகு உருக்கி ஊற்றிவிட்டேன். இனி அலையடித்தாலும் ஸ்டேஷன் நகராது. அலையைப் பிடிக்க ஒரு ஃபெரைட் ராடு, மூன்று டிரான்சிஸ்டர், இரண்டு பேனா பாட்டரி, சின்ன ஸ்பீக்கர். பெட்டி என்ன தெரியுமா? மூடி இறுக்கமான பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூபை ரிப்பன்போல் நறுக்கி ஒட்டியிருந்தேன், தண்ணீர் இறங்காமல் இருக்க. ஒன்று செய்ய 38 ரூபாய் ஆனது. கட்டுமரத்தில் கொடுத்தனுப்பிச் சோதித்தேன், கரையிலிருந்து நாலு மைல் தள்ளியும் செய்தி தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார்கள்.

வரைபடத்தோடும் விளக்கத்தோடும் ஒரு மாதிரி செட்டை இதற்கென்று இருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு 1978இல் பார்சலில் அனுப்பினேன். பணம் கேட்கவில்லை. நீங்களே செய்து கொடுங்கள் என்றுதான் எழுதினேன். பதினாலு மாதம் பதிலில்லை. மூன்று நினைவூட்டுக் கடிதம் போட்டேன். அப்புறம் ஒருநாள் பார்சல் திரும்பி வந்தது. ‘பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை’ என்று ஒரு சீட்டு மேலே ஒட்டியிருந்தது. நூலை அவிழ்க்கப் போனேன். நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. வலைக்காரர்கள் போடுகிற முடிச்சு அது. அவிழ்த்துவிட்டு அதேபோல் திரும்பப் போட அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிரிக்கவே இல்லை. உள்ளே பாட்டரி கசிந்து, டிரான்சிஸ்டர் கால்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை நடுங்குகிறது. மறுக்கட்டும், குறை சொல்லட்டும், சிரிக்கக்கூடச் சிரிக்கட்டும். பிரித்துப் பார்க்காமலே பரிசீலித்தேன் என்று சொல்வதை எப்படித் தாங்குவது?

அதே மாதத்தில் ஓர் ஆள் கடைக்கு வந்தார். எங்கள் கரையில் அந்த நாளில் ராத்திரியில் என்னென்ன கடத்தல் சரக்கு இறங்கியது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். படகிலிருந்து கரைக்குப் பேசுகிற செட்டு இரண்டு வேண்டும் என்றார். அந்த சோப்பு டப்பாவை மேசையில் பார்த்து, கையில் எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “நீங்களே செஞ்சதா? மூளைன்னா இதுங்க” என்றார். பதினாலு மாதம் அரசாங்கம் திறக்காத டப்பாவை அவர் அரை நிமிஷத்தில் திறந்து பார்த்துவிட்டார். இரண்டாயிரம் ரூபாய் பேசி, ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். பணத்தாசை என்று நினைக்காதீர்கள். பணம் அதில் ரெண்டாம் பட்சம். ஒருவன் திறந்து பார்த்தானே, அதற்காக வாங்கினேன். நானும் பதிலுக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று மனசு குளிர்ந்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சண்டை போடவில்லை. சாமி மாடத்தில் வைத்திருந்த அந்த ஐந்து நூறு ரூபாய் நோட்டையும் எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது நம்ம புள்ளைக்குச் சோறா வேணாம்” என்று சொல்லிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நெடுநேரம் கழித்து, “உங்களைத் திறந்து பாக்காதவன் அங்க ஆபீஸ்ல நல்லா இருப்பான். மாட்டினா மாட்டப்போறது நம்ம தெருவுல கூலிக்குப் போற பசங்க” என்றாள். அது உண்மை. மூட்டை சுமந்த எங்கள் தெருப் பையன் ஒருவன் அதற்கு முந்தின வருஷம்தான் பிடிபட்டு உள்ளே இருந்தான். மறுநாள் அந்த ஆளைத் தேடிப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெரு வழியாக நடந்து வரும்போதுதான் பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ராஜன் ஞாபகத்துக்கு வந்தான். “நம்ம தொழில்காரன்” என்று ஆசான் சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. பெருமைக்காக அவர் சொல்லவில்லை.

அதனால்தான் சிவாஜியின் நடிப்பை இந்தப் படத்தில் வேறு விதமாகப் பார்க்கிறேன். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம். ஊரே வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரம். அப்படிப்பட்டவர் கைதட்டல் கிடைக்காத ஒரு ஆளாக, படம் தொடங்கும்போதே செத்துப்போகிற ஆளாக வர ஒத்துக்கொண்டார். ராஜனை அவர் வில்லனாக நடிக்கவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று முழுசாக நம்புகிற ஒருவனாக நடித்திருக்கிறார். பார்க்கிற நமக்கே ஒரு கணம் அவன் சொல்வது சரிதானே என்று தோன்றிவிடுகிறது. எனக்குத் தோன்றியது. பார்சல் திரும்பி வந்த யாருக்கும் தோன்றும்.

அவனுக்கு எதிரில் நிற்கிறவள் அவன் மனைவி உஷா. நடித்தவர் பண்டரிபாய். எல்லாருடைய கதையும் முடிந்து கடைசியில் அவள் சொல்லும்போதுதான் உண்மை வருகிறது. அவள் கையிலிருந்த துப்பாக்கியில்தான் ராஜன் சாகிறான். நாடு ஒரு பக்கம், தாலி ஒரு பக்கம் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பண்டரிபாயின் முகத்தைப் பாருங்கள். வீரம் பேசுகிறவளின் முகம் இல்லை அது. தான் விரும்பிக் கட்டிக்கொண்ட மனுஷன் இவனில்லையே என்று தேடுகிற முகம். அவன் நாட்டுக்குச் செய்த துரோகத்தை வீட்டுக்குச் செய்த துரோகத்திலிருந்து பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அம்புஜம் என்று ஒருத்தியை வெளியில் வைத்துக்கொண்டவனும், ரகசியத்தை விற்றவனும் ஒரே ஆள்தானே. பொய் சொல்லிப் பழகிய வாய், எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்க்காது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாவர் சீதாராமனைப் பற்றி முழுசாக ஒரு கட்டுரை போடுங்கள். நடிகர் என்று சிலருக்குத் தெரியும், நாவலாசிரியர் என்று சிலருக்குத் தெரியும். ஆனால் அடுத்தடுத்து வருகிற வாக்குமூலங்களில் ஒவ்வொன்றிலும் ராஜனை வேறு வேறு ஆளாகக் காட்டி, கடைசியில் எல்லாம் ஒரே ஆளாகச் சேரும்படி 1954இலேயே எழுதிய கை அவருடையது. வீணைக் கச்சேரியை வைத்தே பாலசந்தரை நினைக்கிறவர்களுக்கும் ‘அந்த நாள்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ மூன்றையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதலாம்.

இந்தக் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சில வருஷம் முன்பு சி.டி.யில் அவளும் என்னோடு படம் பார்த்தவள். உஷாவை நான் இவ்வளவு உயர்த்தி எழுதியது அவளுக்குச் சம்மதமில்லை. “அவ முன்னாலேயே கேட்டிருக்கணும். ராத்திரி புருஷன் என்ன செய்யிறான்னு கேக்காம இருந்துட்டுக் கடைசியில துப்பாக்கி எடுக்கிறது என்ன? நான் அன்னிக்கே கேட்டேன்ல? அதையும் எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
நாகப்பட்டினம்.